ரோமில் கோதுமை இலவசம், ரொட்டிக்குக் காசு

பண்டைய ரோமில் அரசாங்கமே எல்லாருக்கும் ரொட்டியை இலவசமாகக் கொடுத்ததாமே, வேலைக்குப் போகாமலே ஒரு குடும்பம் அதை வைத்துச் சாப்பிட்டிருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

"எல்லாருக்கும்" என்பதும் சரியில்லை, "ரொட்டி" என்பதும் சரியில்லை. கி.மு. 58இல் இலவசம் தொடங்கியதிலிருந்து கி.பி. 270களில் பேரரசர் அவுரேலியன் தானியத்துக்குப் பதில் ரொட்டியே தரும்படி முறையை மாற்றும்வரை, முந்நூறு வருடத்துக்கு மேல் அரசு அளந்து போட்டது கோதுமை. அரைக்காத, சலிக்காத வெறும் தானியம். 'ரொட்டியும் வேடிக்கையும்' கிடைத்தால் ஜனங்களுக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று அந்தக் காலத்து நையாண்டிக் கவிஞர் ஒருவர் எழுதிய வரி பிரபலமாகிவிட்டது. அதனால் கோதுமை மூட்டைக்கும் ரொட்டிக்கும் நடுவில் இருந்த உழைப்பு யார் கண்ணிலும் படுவதில்லை. ரோம்வாசியின் அன்றாடம் அந்த நடுவில்தான் இருக்கிறது.

முதலில் கணக்கு. கி.மு. 123இல் கையுஸ் கிராக்கஸ் கொண்டுவந்த சட்டம் மானிய விலைக்குத்தான் வழி செய்தது: ஒரு மோடியஸ் கோதுமை 6⅓ ஆஸ் காசு. மோடியஸ் என்பது நம் மரக்கால் போல முகத்தல் அளவை, ஏறக்குறைய 8.7 லிட்டர், கோதுமையாகப் போட்டால் ஆறரை கிலோவுக்குச் சற்று மேல். கி.மு. 58இல் குளோடியஸ் அந்த விலையையும் எடுத்துவிட்டு முழு இலவசமாக்கினார். பட்டியல் 3,20,000 பேர்வரை வீங்கியது. ஜூலியஸ் சீசர் அதை 1,50,000ஆக வெட்டினார்; யாராவது செத்தால் அந்த இடத்துக்கு அடுத்தவரைச் சீட்டுக் குலுக்கிச் சேர்க்கச் சொன்னார். அகஸ்டஸ் காலத்தில் 2,00,000க்குச் சற்று மேலே போய் நின்றது. நகரத்தில் குடியிருந்தவர்கள் சுமார் பத்து லட்சம் என்பது பொதுவான மதிப்பீடு. பட்டியலில் இடம் ரோமக் குடியுரிமை உள்ள ஆண்களுக்கு. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளிநாட்டாருக்கும் கிடையாது.

ஒருவருக்கு மாதம் ஐந்து மோடியஸ். அதாவது சுமார் 33 கிலோ, ஒரு நாளைக்கு 1.1 கிலோ. ஒரே ஆளுக்கு இது தாராளம். மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் போதாது. இதற்கு மேல் எண்ணெய், திராட்சை மது, விறகு, துணி எல்லாமே காசுதான்; ரோமில் வீட்டு வாடகை வேறு ஆளை விழுங்கும். ஆக, வேலைக்குப் போகாமல் முடியாது. ஆனால் வேலை கிடைக்காத மாதத்தில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை என்ற தெம்பு இருந்தது. என்னைக் கேட்டால் இந்தத் திட்டத்தின் உண்மையான மதிப்பு அதுதான்.

வாங்கும் இடம் மினூசியா மண்டபம், நீளமான தூண் வரிசையுடன் கூடிய கட்டடம். யார் எந்தத் தேதியில், எத்தனையாவது வாசலில் நிற்க வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருக்கும். பட்டியலில் பெயர் இருப்பது எவ்வளவு பெரிய கௌரவம் என்பதற்கு ஒரு கல்லறைக் கல்வெட்டு போதும். மூன்று வருடம், மூன்று மாதம், மூன்று நாள் மட்டுமே வாழ்ந்த ஆல்சிமுஸ் என்ற குழந்தைக்கு வைத்த கல் அது. பெயரையும் வயதையும் சொல்லிவிட்டு, "பத்தாம் நாள், முப்பத்தொன்பதாம் வாசலில் கோதுமை பெற்றவன்" என்று வெட்டியிருக்கிறார்கள்.

இந்தக் கோதுமை வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பகுதி வட ஆப்பிரிக்காவிலிருந்தும் எகிப்திலிருந்தும் கடல்வழியாக வந்தது. அலெக்சாண்ட்ரியாவிலிருந்து ரோம் நோக்கி வரும்போது எதிர்க்காற்று. ஒரு மாதம், சில சமயம் இரண்டு மாதம்கூட ஆகும். திரும்பிப் போக அதில் பாதிகூட ஆகாது. நவம்பர் முதல் மார்ச் வரை கடல் மூடிவிடும். எனவே கோடைக்குள் வந்து சேர்ந்ததை வைத்துத்தான் குளிர்காலம் ஓட வேண்டும். கி.பி. 51இல் நகரத்தில் பதினைந்து நாள் கோதுமைதான் மிச்சம் என்ற நிலை வந்தபோது, பேரரசர் கிளாடியஸைக் கூட்டம் சந்தைவெளியிலேயே சூழ்ந்துகொண்டு காய்ந்த ரொட்டித் துண்டுகளால் அடித்தது. அவர் கட்டிய புதுத் துறைமுகமும் முழுப் பாதுகாப்பு தரவில்லை. கி.பி. 62இல் அடித்த புயலில் துறைமுகத்துக்குள் நின்ற கப்பல்களே இருநூறு மூழ்கின. பிறகுதான் பேரரசர் திராயான் உள்ளே தள்ளி ஒரு அறுகோணக் குளம் வெட்டினார்.

ரோமின் துறைமுக ஊரான ஆஸ்தியாவில் கிடைத்த ஒரு சுவரோவியம் இப்போது வத்திக்கானில் இருக்கிறது. 'ஐசிஸ் கெமினியானா' என்ற படகு, பின்பக்கம் சுக்கான் பிடித்தபடி தலைவன் ஃபார்னாசெஸ். கூலியாட்கள் பலகை மேல் நடந்து மூட்டையைத் தோளில் சுமந்து வருகிறார்கள். ஒருவன் மூட்டையைச் சரித்து அளவைப் பாத்திரத்தில் கோதுமையைக் கொட்டுகிறான். முன்பக்கம் உட்கார்ந்திருப்பவன் பக்கத்தில் 'முடித்தேன்' என்று எழுதியிருக்கிறது. சுமை கூலிக்காரர் வேறு, அளவைக்காரர் வேறு. அளவைக்காரர்களுக்குத் தனிச் சங்கமே இருந்தது. காரணம் சாதாரணமானது. அளவையைத் தலைதட்டி அளப்பதற்கும் கும்பம் வைத்து அளப்பதற்கும் நடுவில் ஒரு மோடியஸுக்கு ஒரு கை வித்தியாசம் வந்தாலும், இலவசப் பட்டியலுக்கு மட்டும் வருடத்துக்கு ஒரு கோடியே இருபது லட்சம் மோடியஸ் அளக்கும் இடத்தில் அது பெரிய களவு. ஆகவே மோடியஸின் வாயில் இரும்புக் குறுக்குச்சட்டம் பொருத்தி, அதன் மேல் கட்டையை ஓட்டித் தலைதட்டினார்கள்.

களஞ்சியத்தில் இரண்டு எதிரிகள்: ஈரம், வண்டு. ஈரக் கோதுமை குவியலுக்குள்ளேயே சூடேறிக் கெடும், முளைவிடும். அதனால் ஆஸ்தியாவின் களஞ்சியங்களில் தரையைச் சிறு சுவர்கள் மேல் தூக்கிக் கட்டி, அடியில் காற்றோட விட்டார்கள். சுவரும் நல்ல தடிமன். உள்ளே குளுமை குறையாது. வண்டு விழுந்தால் குவியலைக் கிளறாதே என்பது வேளாண் நூலார் கொலுமெல்லாவின் புத்திமதி. வண்டு மேலாகவே இருக்கும், ஓர் உள்ளங்கை அளவுக்குக் கீழே போகாது. கிளறினால் அதை நாமே அடிவரை கொண்டுபோய் விடுவோம் என்கிறார்.

இனி, அந்த 33 கிலோவோடு வீட்டுக்கு வருபவனைப் பாருங்கள். அவன் இருப்பது பல மாடிக் குடியிருப்பு. அகஸ்டஸ் அதன் உயரத்துக்கு 70 அடி என்று உச்சவரம்பு வைக்கும் அளவுக்கு உயர்த்திக் கட்டிக்கொண்டே போனார்கள். திராயான் அதை 60 ஆக்கினார். மேலே போகப் போக அறை சிறிசு, வாடகை மலிவு. குழாய்த் தண்ணீர் மேல்மாடிக்கு வராது. தெருத் தொட்டியில் பிடித்துத் தூக்க வேண்டும். அடுப்படி என்று தனியாக ஒன்று கிடையாது. கரிச்சட்டி வைத்துக்கொள்ளலாம், ஆனால் மரத்தளம். தீப்பிடித்தால் மேல்மாடிக்காரன் கதி அதோகதிதான். ரொட்டி சுடும் அடுப்பு அங்கே கட்டவே முடியாது. கைத்திருகை இருந்தால் கொஞ்சம் அரைத்துக்கொள்ளலாம். தினம் ஒரு குடும்பத்துக்கு மாவாக்குவது ஒருவரின் முதுகை ஒடிக்கும் வேலை. உரலில் குத்தி உடைத்துக் கூழாகக் காய்ச்சலாம். 'புல்ஸ்' என்ற அந்தக் கூழ்தான் ரோமர்களின் ஆதி உணவு. கி.மு. 171இல் மாசிடோனியாவோடு போர் தொடங்கிய காலம்வரை நகரத்தில் தொழில்முறை ரொட்டிக்காரர்களே இல்லை என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதுகிறார். அதுவரை ரொட்டி சுட்டது வீட்டுப் பெண்கள். நகரம் பெருத்த பிறகு கோதுமை ரொட்டிக்கடைக்குத்தான் போயாக வேண்டும்.

ரொட்டிக்காரனுக்கு லத்தீனில் 'பிஸ்தோர்'. சொல்லுக்கு வேர்ப்பொருள் இடிப்பவன். பெயர் பொருத்தமானது. அரைப்பதும் சுடுவதும் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ்; அவனுடைய முதலீட்டில் பெரும்பங்கு அரவைக்குத்தான் போனது.

பொம்பெய் ஊரில் இப்படி முப்பதுக்கு மேற்பட்ட கடைகள் தோண்டியெடுக்கப்பட்டிருக்கின்றன. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பல் மூடியதால் எல்லாம் நின்ற இடத்தில் நிற்கிறது. அரவைக்கல் இரண்டு பாகம். கீழ்க்கல் தரையில் கட்டிய மேடை மேல் கூம்பாக நிற்கும். மேற்கல் உடுக்கை வடிவம், இடுப்பு சிறுத்து நடுவில் துளை. உடுக்கையின் கீழ்ப்பாதி கூம்பின் மேல் தொப்பி போலக் கவிழ்ந்திருக்கும், மேல்பாதி புனல். புனலில் கொட்டும் கோதுமை இடுப்பு வழியாக இறங்கி, இரண்டு கல்லுக்கும் நடுவில் நசுங்கி, அடியில் மாவாகச் சுற்றிலும் விழும். மேடையின் விளிம்பில் ஈயத்தகடு பதித்திருப்பார்கள். அங்கிருந்து வழித்தெடுக்க வேண்டும். இடுப்பில் இரு பக்கமும் உள்ள சதுரப் பொந்துகளில் மரச்சட்டம் செருகி அதில் கழுதையைப் பூட்டுவார்கள்.

சூட்சுமம் இடைவெளியில்தான். மேற்கல்லின் முழுப் பாரமும் கீழ்க்கல்லில் உட்கார்ந்தால் கல்லோடு கல் உரசி மாவில் மணல் விழும், கழுதையும் இழுக்காது. அதிகம் தூக்கினால் மாவுக்குப் பதில் ரவைதான் வரும். எனவே கூம்பின் நுனியில் ஓர் அச்சுக்கம்பி வைத்து, அதன் மேல் மரச்சட்டத்தால் மேற்கல்லைத் தொங்கவிட்டார்கள். கல்லும் ஏதோ கிடைத்த கல் அல்ல. பொம்பெயில் உள்ளவற்றில் பல, ஊர் வெசூவியஸ் மலையடியில் இருந்தும்கூட, வடக்கே வெகுதொலைவில் ஓர்வியேட்டோ பக்கத்திலிருந்து வரவழைத்த எரிமலைக் கல். கல் முழுக்கச் சிறு குமிழ்ப் பொந்துகள். தேயத் தேயப் புதுப் பொந்து திறந்து விளிம்பு கூராகவே இருக்கும். அடிக்கடி கொத்த வேண்டியதில்லை. உடுக்கையின் ஒரு பாதி தேய்ந்தால் கவிழ்த்துப் போட்டு மறுபாதியை ஓட்டலாம்.

கழுதைக்குக் கண்ணைக் கட்டிவிடுவார்கள். குளம்பு குழி பறிக்காமலிருக்க அரவை முற்றத்துக்குத் தெருவைப் போலவே கருங்கல் பாவியிருக்கும். கழுதை இல்லாத இடத்தில் அடிமைகள். வேறிடத்தில் தப்பு செய்த அடிமையைத் தண்டனையாக அரவைக்கு அனுப்புவது வழக்கம். நெற்றியில் சூடு, பாதி மழித்த தலை, காலில் வளையம், புகையில் வெந்த கண்ணிமை, உடம்பெல்லாம் மாவு என்று இரண்டாம் நூற்றாண்டு எழுத்து ஒன்று அவர்களைக் காட்டுகிறது. 2023இல் பொம்பெயின் ஒன்பதாம் வட்டாரத்தில் வெளிப்பட்ட ஒரு ரொட்டிக்கூடம் இதற்குக் கண்கண்ட சாட்சி. சன்னல்கள் சின்னவை, உயரத்தில், இரும்புக் கம்பியோடு. வெளியே போக வழி வீட்டுக்குள் மட்டும்தான். தரைக்கல்லில் அரைவட்டமாகத் தடங்கள் வெட்டியிருக்கிறார்கள், நெருக்கமாக இருக்கும் கற்களைச் சுற்றும்போது ஒன்றோடொன்று மோதாமல் அடி எங்கே வைக்க வேண்டும் என்று காட்ட. ஜூன் 9 விடுமுறை: வெஸ்டா தேவியின் திருநாள். அன்று கழுதைகளுக்கு ஊதாப்பூ மாலையும் ரொட்டி மாலையும் போட்டுக் கல்லை நிறுத்திவிடுவார்கள்.

மாவைச் சல்லடையில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். நன்கு சலித்த வெள்ளை மாவு பணக்காரனுக்கு, தவிடு கலந்தது சாதாரண ஆளுக்கு, தவிடே அதிகமானது அடிமைக்கும் நாய்க்கும். பொம்பெய்ச் சுவரில் யாரோ எட்டு நாள் செலவுக் கணக்குக் கிறுக்கியிருக்கிறார்கள். பாலாடைக்கட்டி, எண்ணெய், வெங்காயம், மது என்று போகும் பட்டியலில் ரொட்டி விடாமல் வருகிறது, அடிமைப் பையனுக்கான ரொட்டி தனி வரியில் மலிவாக.

பிசைவதற்கும் இயந்திரம் இருந்தது. எரிமலைக் கல்லில் குடைந்த தொட்டி, நடுவில் நட்ட அச்சு, அச்சில் குறுக்கே மரக்கைகள். அச்சைச் சுற்றினால் மாவு மொத்தமாக அதோடு சேர்ந்து சுற்றிவிடுமே, எப்படிப் பிசையும்? அதற்காகத்தான் தொட்டிச் சுவரில் துளையிட்டு உள்பக்கம் நீட்டியபடி குச்சிகளைச் செருகினார்கள். சுற்றும் கைக்கும் சுற்றாத குச்சிக்கும் நடுவில் மாவு இழுபட்டுக் கிழிபட்டு மிருதுவாகும். புளிக்க வைக்க, தயிருக்கு உறை ஊற்றுவது போல முந்தின நாள் மாவில் ஒரு கட்டியை எடுத்துவைத்துக் கலப்பார்கள். திராட்சை அறுவடையின்போது தவிட்டைப் புதுத் திராட்சைச் சாற்றில் பிசைந்து வெயிலில் காய வைத்து வில்லையாகச் சேமித்ததும் உண்டு; தேவைப்படும்போது ஊறவைத்துக் கலக்க வேண்டியதுதான்.

அடுப்பு, கவிழ்த்த கிண்ணம் போலச் செங்கல் குவிமாடம். விறகை, சில இடத்தில் ஆலிவ் பிழிந்த சக்கையை, உள்ளேயே போட்டு எரிப்பார்கள். குவிமாடம் சூட்டை வாங்கிக்கொண்ட பிறகு தணலைச் சுரண்டி வெளியே இழுத்து, ஈரத்துணியால் தரையைத் துடைத்து (இதற்காகவே அடுப்பு வாய் அருகில் தண்ணீர்த் தொட்டி), நீளக் கைப்பிடி கொண்ட பலகையால் ரொட்டியை உள்ளே தள்ளி, இரும்புக் கதவை மூடுவார்கள். துடைக்காவிட்டால் அடியில் சாம்பலும் கரியும் ஒட்டும். அடுப்பு அதிகம் சூடேறியிருந்தால் மேல் கருகி உள்ளே வேகாது. பொம்பெயில் ஓர் அடுப்புக்கு மேல் ஆண்குறிச் சிற்பமும் "இங்கே குடியிருக்கிறது அதிர்ஷ்டம்" என்ற எழுத்தும் பதித்திருந்தார்கள், திருஷ்டிக்குத்தான்.

அதே ஊரில் மோடெஸ்டஸ் கடை என்று அழைக்கப்படும் இடத்தில் 1862இல் அடுப்புக் கதவைத் திறந்தபோது உள்ளே 81 ரொட்டிகள் கரியாகி அப்படியே இருந்தன. வட்ட ரொட்டி, நடுவிலிருந்து எட்டுத் துண்டாகப் பிய்க்க வாகாகக் கீறல். அதே எரிமலை புதைத்த பக்கத்து ஊர் ஹெர்குலேனியத்தில் கிடைத்த ஒரு ரொட்டியில் முத்திரையே இருக்கிறது: "குவின்டஸ் கிரானியஸ் வெருஸின் அடிமை செலெருடையது". பொது அடுப்பில் வெந்த ரொட்டி மாறிப் போய்விடாமலிருக்க முத்திரை குத்தியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

படையினருக்குச் சுடும் முரட்டு ரொட்டி, போட்ட கோதுமையின் எடையைவிட மூன்றில் ஒரு பங்கு கூடும் என்று பிளினி கணக்குத் தருகிறார், சேர்வது தண்ணீர்தான். அதன்படி இலவசக் கோதுமை நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை கிலோ முரட்டு ரொட்டி ஆகும். ஆனால் அரவைக் கூலி, விறகு, கடைக்காரன் லாபம் போக வேண்டும். அந்த லாபம் எவ்வளவு கொழுத்தது என்பதற்கு இன்றும் ரோமின் மஜ்ஜோரே வாசலில் நிற்கிறது மார்கஸ் வெர்ஜிலியஸ் யூரிசாசெஸின் சமாதி. கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. பெயரை வைத்து அவர் விடுதலை பெற்ற அடிமை என்று பலர் கருதுகிறார்கள். "ரொட்டிக்காரர், ஒப்பந்தக்காரர்" என்று கொட்டை எழுத்தில் தொழிலைச் சொல்லி, சுற்றிலும் கோதுமை வாங்குவது, அரைப்பது, சலிப்பது, பிசைவது, சுடுவது, கூடையில் எடை போடுவது எல்லாவற்றையும் வரிசையாகச் செதுக்கிவைத்திருக்கிறார். சுவரில் வரிசையாக இருக்கும் வட்டத் துளைகள் பிசையும் தொட்டியின் வடிவம் என்பது பலர் கருத்து. மனைவி அதிஸ்தியாவின் மிச்சம் வைக்கப்பட்ட கலத்தைக்கூடக் கல்வெட்டு 'ரொட்டிக்கூடை' என்கிறது.

நகரத்தின் உயிர்நாடி அரவைதான் என்பது பேரரசர்களுக்கும் தெரிந்திருந்தது. முழுக் குடியுரிமை இல்லாத விடுதலையடைந்த ஒருவன், ரோமில் தினம் 100 மோடியஸுக்குக் குறையாமல், அதாவது ஏறக்குறைய 660 கிலோ, மூன்று வருடம் அரைத்துக் கொடுத்தால் குடியுரிமை தருவதாகத் திராயான் விதி செய்தார். தெரியாமல் நடந்துகொண்டவர் காலிகுலா. அரண்மனைச் சாமான்களை இன்றைய பிரான்ஸ் பகுதியான காலியாவுக்கு ஏற்றிப்போக ரொட்டிக்கடைகளின் விலங்குகளையும் பிடித்துக்கொண்டார். களஞ்சியத்தில் கோதுமை இருக்க, நகரத்தில் ரொட்டிக்குத் தட்டுப்பாடு.

பிற்காலத்தில் ஜனிகுலம் குன்றில் கால்வாய்த் தண்ணீரில் ஓடும் அரவைகள் வந்தன. ரொட்டியே நேரடியாக வழங்கப்பட்ட காலத்தில் நகரம் பெரும்பாலும் அவற்றை நம்பியிருந்தது. கி.பி. 537இல் ரோமை முற்றுகையிட்ட கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் கால்வாய்களை வெட்டினார்கள், அரவை நின்றது. விலங்குகளை வைத்து ஓட்டலாமென்றால் தீவனம் இல்லை. நகரத்தைக் காத்து நின்ற தளபதி பெலிசாரியஸ், டைபர் ஆற்றில் கரைக்குக் கரை கயிறு கட்டி, இரண்டடி இடைவெளியில் படகுகளை ஜோடியாக நிறுத்தி, படகில் கல்லையும் நடுவில் நீர்ச்சக்கரத்தையும் வைத்து ஆற்றின் ஓட்டத்திலேயே அரைக்க வைத்தார். கோத்துகள் மேலிருந்து மரக்கட்டைகளையும் பிணங்களையும் மிதக்கவிட்டுச் சக்கரங்களை உடைத்தார்கள். அவர் பாலத்தருகே ஆற்றின் குறுக்கே இரும்புச் சங்கிலி கட்டினார். மிதந்து வந்ததெல்லாம் அதில் மாட்டியது. ஆட்கள் நின்று அவ்வப்போது கரைக்கு இழுத்துப் போட்டார்கள், கீழே கல் சுற்றிக்கொண்டிருந்தது.